இருநூறு விருந்தாளிகள்

காக்ஸ் டவுனில் அந்த வருஷம் இருபது வீட்டு கேட்டுகளில் ஒரே மாதிரிப் பலகை ஏறியது. வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து: "திறந்த வாசல் ஊழியம். வீடற்ற இளைஞரே, இன்றிரவு இங்கே தங்கலாம்." பெரும்பாலான கேட்டுகளில் அதற்கு ஒரு சாண் மேலே "நாய் ஜாக்கிரதை" என்ற பலகை ஏற்கெனவே இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சில வீடுகளில் நாய் செத்து வருஷக்கணக்காகியும் பலகை மட்டும் விசுவாசமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இந்த இருபது வீடுகளுக்குள்ளும் போய்ப் பார்த்தவள் ஊரிலேயே ஒருத்திதான். சோனியா. எந்த வீட்டில் வெந்நீர் வரும், எந்த வீட்டில் வந்தாலும் விருந்தாளிக்கு வராது, எந்த வீட்டில் கொடுக்கிற போர்வை போன மாதம்வரை நாயினுடையது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஊழியத்தை ஆரம்பித்தவர் தியோடர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் துணைப் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை அவருக்குக் கீழே வேலை செய்ய மனைவி பியூலாவைத் தவிர உலகத்தில் வேறு ஆள் இல்லை. பியூலாவோ எந்தக் காலத்திலும் அவருக்குக் கீழே வேலை செய்தவள் இல்லை. ஆகவே மனிதருக்கு ஒரு கமிட்டி அவசரமாகத் தேவைப்பட்டது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் குளிரில் சுருண்டு படுத்திருந்த பையன்களின் படம் பத்திரிகையில் வந்தது அந்தச் சமயத்தில்தான். படத்தைக் கத்தரித்துச் சபைக்குக் கொண்டுபோனார். கண்கலங்கப் பேசினார். இருபது குடும்பங்கள் கை தூக்கின. அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. பலகை அடிக்கும் செலவைத் தியோடரே ஏற்றுக்கொண்டார். பலகையின் அடியில் அவர் பெயரும், சேர்மன் என்ற பதவியும், பட்டங்களும் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தன. ரொம்பச் சின்ன எழுத்தில் இல்லை.

ஒரு வீட்டில் ஒரு தடவைக்கு ஒரு ராத்திரிதான் என்பது ஊழியத்தின் தலையாய விதி. இரண்டாம் ராத்திரி தங்கினால் பாசம் ஒட்டிக்கொள்ளும், பாசம் ஒட்டிக்கொண்டால் பிற்பாடு பாத்தியதை கேட்பார்கள் என்று தியோடர் விளக்கினார். சாயங்காலம் ஆறு மணிக்குச் சபை வளாகத்துக்கு வந்தால் இன்றைக்கு எந்த வீடு என்று பியூலா சொல்வாள். காலையில் காப்பி குடித்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். பகலில் எங்கே இருப்பது என்பது ஊழியத்தின் எல்லைக்குள் வராது. வீடில்லாமை ராத்திரி மட்டும் வருகிற ஒரு வியாதி என்று கமிட்டி முடிவு கட்டியிருந்தது.

முதல் மாதத்தில் பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் விடிந்து எட்டு மணிவரை தூங்கினான். ஒருவன் மேல் பீடி வாசனை அடித்தது. விக்கி என்று ஒருவன், லிங்கராஜபுரம் ரயில்வே கேட் பக்கம் படுத்திருந்தவன், ஒரு வீட்டில் நாலாவது சப்பாத்தி கேட்டுவிட்டான். மூன்று சப்பாத்திவரை ஏழை. நாலாவது கேட்டால் என்னவென்று கமிட்டி ஒரு மணிநேரம் கூடிப் பேசியது. "ஏழைன்னா ஒரு அடக்கம் வேணாமா?" என்று பியூலா கேட்டாள். அதற்குப் பதில் யாரிடமும் இல்லாததால் விக்கிக்கு வாசல் மூடிற்று. மற்றவர்களும் ஒவ்வொருவராக, ஒவ்வொரு லட்சணக் குறைவுக்காக, உதிர்ந்தார்கள்.

சோனியா மட்டும் நின்றாள். அவள் வளர்ந்தது லிங்கராஜபுரத்தில் ஓர் அனாதை இல்லத்தில். பதினெட்டு வயது நிறைந்த அன்று அவளை ஜெபித்து ஆசீர்வதித்து, ஒரு பையும் படுக்கை விரிப்பும் வேதாகமமும் கையில் கொடுத்து, கேட்டுக்கு வெளியே விட்டுத் தாழ் போட்டார்கள். பதினெட்டானால் யாரும் அனாதை இல்லை, பெரியவர்கள். அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு: கடைசியாகச் சாப்பிட்டு எழுகிறவள் தொட்டியில் கிடக்கிற அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். திறந்த வாசலின் முதல் ராத்திரி, பியூலா வீட்டில், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவளுக்குச் சாப்பாடு போட்டார்கள். கடைசியாக எழுந்தவள் அவள்தான். கை தானாகப் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து அந்த வீட்டு வேலைக்காரி பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

அவள் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மறுநாள் காலையில் பியூலா அடுத்த தெரு ஜெயலக்ஷ்மிக்கு போன் போட்டாள். "என்ன அருமையான பொண்ணுங்கிறீங்க! சொல்லவே வேணாம். இட்லிப் பானை அடிப்பிடிச்சது பளபளன்னு இருக்கு." அன்றைக்கு ராத்திரியே ஜெயலக்ஷ்மி வீட்டில் சோனியாவுக்கு அடைக்கலம் கிடைத்தது, கூடவே மூன்று படி அரிசியும் கிரைண்டரும் கிடைத்தன. "சும்மா உட்காந்திருந்தா உனக்கே பேஜாராயிருக்கும்ல கண்ணு," என்றாள் ஜெயலக்ஷ்மி. கண்ணு என்று கூப்பிட்டுவிட்டால் எதையும் செய்யச் சொல்லலாம் என்பது காக்ஸ் டவுனில் எல்லா மதத்துக்கும் பொது.

அதிலிருந்து ஒரே கிராக்கி. ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. இன்னொரு வீட்டில் வரலக்ஷ்மி நோன்பு. வேறொரு வீட்டில் துபாய் மகன் வருகிறான், திரைச்சீலை துவைக்க வேண்டும். "நாளைக்கு சோனியாவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க, பாவம், நாங்களும் ஏதாவது புண்ணியம் பண்ணணும்ல?" என்று பியூலாவுக்கு போன் வரும். புண்ணியத்துக்கு அடிதடி. கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையே நிறுத்திவிட்டன.

சோனியாவுக்கு நாக்கு இல்லாமல் இல்லை. ராத்திரிக்குக் கூரை வேண்டியிருந்ததால் அதைப் பல்லுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தாள். மடக்கி வைத்த நாக்கு மாதக்கணக்கில் உள்ளேயே புளித்துக்கொண்டிருந்தது.

*

இல்லத்தில் அவளுக்கு மூத்த ஒருத்தி, அத்திபெலேயில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலைக்கு இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தவள் சேதி சொன்னாள். கம்பெனி ஹாஸ்டலில் ஒரு படுக்கை காலியாகிறது. வேலையும் படுக்கையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். சொந்தக் கட்டில், சொந்தப் பெட்டி, சாவி. ஆனால் ஹாஸ்டல் சூப்பர்வைசர் முத்தம்மா, முன்பின் தெரியாத பெண்ணைச் சேர்க்கமாட்டாள். பெரிய மனுஷர் யாராவது ஒருத்தர் போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சோனியாவுக்குத் தெரிந்த பெரிய மனுஷர் ஒருத்தர்தான். அவர் வீட்டுக் கழிப்பறையையே அவள் கழுவியிருக்கிறாள். இதைவிட நெருக்கமான அறிமுகம் வேண்டுமா? போய்க் கேட்டாள்.

"ஓ, யெஸ், யெஸ்! இதுதானே நம்ம ஊழியத்தோட நோக்கமே. சொந்தக் கால்ல நிக்கணும்!" என்றார் தியோடர். "இன்னிக்கே போன் பண்ணிடறேன்."

அடுத்த வாரமும் இன்னிக்கே என்றார். அதற்கடுத்த வாரமும் இன்னிக்கே என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சோனியா பொறுக்கமாட்டாமல் எஸ்டிடி பூத்துக்குப் போய் முத்தம்மாவைத் தானே கூப்பிட்டாள்.

"நீயா?" என்றது அந்தக் குரல். "உங்க சேர்மன் போன வாரமே பேசினாரே. பொண்ணு இன்னும் பக்குவப்படல, வெளியில விட்டா கெட்டுப்போயிரும், ரெண்டு மூணு மாசம் போகட்டும்னாரு. நீயே வரமாட்டேன்னு சொல்லிட்டதாவும் சொன்னாரு."

சோனியா ரிசீவரை வாயோடு நெருக்கினாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க்கா. நான் வர்றேன்."

"எனக்கு உன்னையும் தெரியாது, அவரையும் தெரியாது. அவரே மறுபடி போன்ல சொல்லட்டும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். திங்கக்கிழம படுக்கைய வேற பொண்ணுக்குக் கொடுத்துருவேன்."

அங்கிருந்து நேராகத் தியோடர் வீட்டுக்கு நடந்தாள். அவர் ஹாலில் நின்று வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரிய நாள். ஊழியத்துக்கு உதவி செய்கிற வெளிநாட்டுத் தம்பதி நேரில் பார்க்க வருகிறார்கள்.

"அங்கிள், நான் பக்குவப்படலையா?"

தியோடர் கண்ணாடியில் கோட்டுக் காலரைச் சரிசெய்தார். துணைப் பொது மேலாளராகச் சும்மா யாரும் ஆகிவிடுவதில்லை. முகம் மாறாமல் திரும்பினார். "சோனியா, உன் நல்லதுக்குத்தான்மா. ஞாயித்துக்கிழம நீ மேடையில சாட்சி சொல்லணும். உன்னை நேர்ல பார்க்கத்தானே அவங்க அவ்ளோ தூரத்திலிருந்து வர்றாங்க? நீ அத்திபெலேல போய் அட்டை ஒட்டிக்கிட்டிருந்தா நான் யாரைக் காட்டறது?"

"நான் என்ன மிருகக்காட்சிசாலைக் குரங்கா அங்கிள்?"

"பாத்தியா, இதைத்தான் பக்குவம் இல்லேன்னேன்," என்றார் அவர். உள்ளேயிருந்து பியூலா குரல் கொடுத்தாள்: "சோனியா வந்திருக்காளா? அப்படியே அந்தத் தேங்காய ரெண்டா உடைச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

உடைத்தாள். ஒரே போடு. தேங்காய் இரண்டாக அல்ல, ஐந்தாறாகச் சிதறியது.

*

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை ஹாலில் கூட்டம். முன்வரிசையில் அந்த வெளிநாட்டுத் தம்பதி, இருவருமே வயதானவர்கள், கழுத்தில் ஏலக்காய் மாலை, முகமெல்லாம் வியர்வையும் சந்தோஷமும். பின்னாலிருந்து பிரியாணி வாசனை. அதுவரை பார்த்திராத ஒரு கூட்டம் வந்திருந்ததற்குப் பிரியாணியே காரணம் என்று சொல்வது பாவமாகாது.

மேடையில் தொங்கிய பேனரைச் சோனியா அப்போதுதான் படித்தாள். "திறந்த வாசல்: ஒரே ஆண்டில் இருநூறு இளைஞருக்கு அடைக்கலம்."

இருநூறா? அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். விக்கியும் மற்றப் பையன்களும் சேர்த்தே ஒரு கை விரலுக்கு மிஞ்சமாட்டார்கள். பிறகு புரிந்தது. ஒரு ராத்திரிக்கு ஓர் இளைஞர் என்று கணக்கு. திங்கட்கிழமை பியூலா வீட்டில் ஓர் இளைஞர், செவ்வாய்க்கிழமை ஜெயலக்ஷ்மி வீட்டில் ஓர் இளைஞர், புதன்கிழமை இன்னொருவர். அத்தனை பேரும் ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்துக் கட்டுகிற ஒரே பெண். அவள் அத்திபெலே பஸ் ஏறினால் ஒரே நாளில் இருநூறு பேரும் ஊரைக் காலி செய்துவிடுவார்கள். அவளை விட்டுவிடும் பக்குவம் யாருக்குப் பற்றவில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

சபை அலுவலக அறையில் தியோடர் பேச்சைக் கடைசியாக ஒருதரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சோனியா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"முத்தம்மா அக்காவுக்கு போன் பண்ணுங்க. இப்பவே. என் முன்னாடி."

"கூட்டம் முடியட்டும்மா..."

"போன் பண்ணாம நான் மேடை ஏற மாட்டேன். இருநூறு பேர்ல வேற யாரையாவது ஏத்துங்க."

தியோடருக்கு வியர்த்தது. வெளியே பாட்டு முடிகிற கட்டம். ரிசீவரை எடுத்தார். அடுத்த இரண்டு நிமிஷத்துக்கு அவர் வாயிலிருந்து தேன் ஒழுகியது. தங்கமான பெண், சொந்த மகள் மாதிரி, கை சுத்தம், பேச்சு சுத்தம், இன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். சோனியா ரிசீவர் பக்கம் காதைக் கொடுத்து, "சரி, சாயங்காலத்துக்குள்ள வரச்சொல்லுங்க" என்று முத்தம்மா சொன்னதைத் தானே கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தாள்.

காரியம் முடிந்தது. இனி மேடை ஏறி, சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அப்படித்தான் நினைத்து நடந்தாள். ஹால் ஓரத்தில், தண்ணீர்த் தம்ளர் அடுக்கிய தட்டோடு ஒரு ஒல்லிப் பெண் நின்றிருந்தது. தோளில் சோனியாவினுடையதைப் போலவே இல்லத்துப் பை. இறக்கி வைக்கக்கூட யாரும் சொல்லவில்லை. பெயர் தாரணி, நேற்றுத்தான் பதினெட்டு முடிந்தது என்று பியூலா பக்கத்தில் ஜெயலக்ஷ்மிக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தாள்.

ஜெயலக்ஷ்மி தாரணியை மேலும் கீழும் பார்த்தாள். கத்திரிக்காயைப் பார்க்கிற பார்வை. "மாவு ஆட்ட வருமா கண்ணு?"

"வரும் ஆன்ட்டி," என்றது அந்தப் பெண், இடம் கிடைக்கிற நம்பிக்கையில் பல்லெல்லாம் தெரிய.

சோனியாவின் காதுக்குள் ஏதோ கொதித்தது. மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாட்சி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பழைய கஷ்டம். பிறகு கிடைத்த கிருபை. ஒவ்வொரு நன்றிக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சேர்ந்து சொல்லும். சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு அப்புறம் சொல்வதில்லை. குரல் எங்கே தாழ்கிறதோ அங்கே வாய் தானாகத் திறக்கும். தியோடர் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றார், விருந்தினருக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றாள் சோனியா.

"ஸ்தோத்திரம்!" என்றது ஹால்.

"பேனர்ல இருநூறு இளைஞர்னு போட்டிருக்கு. அந்த இருநூறு பேரும் நான்தான்."

தியோடர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "இருநூறு பேர் சார்பாகவும் பேசுவதாகச் சொல்கிறாள்," என்று மொழிபெயர்த்தார். விருந்தினர் தலையாட்டினார்கள்.

"பியூலா ஆன்ட்டிக்கு நன்றி. அவங்க வீட்டு வேலைக்காரம்மா பிரசவத்துக்குப் போன அன்னிக்கு எனக்குக் கதவு திறந்துச்சு."

"ஸ்தோத்திரம்!"

"குழந்தையோட அவங்க திரும்பி வந்ததும் கதவு மூடிக்கிச்சு."

"ஸ்தோ..." பாதி ஹால் ஆரம்பித்துவிட்டது, நிறுத்த முடியாமல் சிலர் முடித்தும்விட்டார்கள்.

"திருமதி பியூலா கதவு திறந்த நாளை அவளால் மறக்கவே முடியாதாம்," என்றார் தியோடர் ஆங்கிலத்தில்.

"ஜெயலக்ஷ்மி ஆன்ட்டி வீட்ல கிரைண்டர் ரூம்லதான் எனக்குப் படுக்கை. மாவு ஆட்டி முடிச்சு, கல்லைக் கழுவி, தரையத் துடைச்சாத்தான் பாய் விரிக்க இடம் வரும். மாவு நான் ஆட்டினது, மறுநாள் தோசை மட்டும் நான் பார்த்ததில்ல. காலைல காப்பியோட என் ராத்திரி முடிஞ்சுபோயிரும்."

"அந்த வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் வெகுநேரம் அவளோடு விழித்திருப்பார்களாம்," என்றார் தியோடர்.

ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், மேடையிலிருந்து காற்று அடிப்பதுபோல.

"விக்கின்னு ஒரு பையன் இருந்தான். நாலாவது சப்பாத்தி கேட்டான்னு துரத்தினீங்க. ஆடி மாசம் ராத்திரி முழுக்க மழை கொட்டுச்சே, அன்னிக்கு இருபது வீட்ல பத்தொன்பது வீட்ல கட்டில் காலி. இருபதாவதுல நான். அவன் எல்லா கேட்டுலயும் போய் பலகையப் படிச்சுட்டுத் திரும்பினான். கடைசில ஆஸ்பத்திரில மார்ச்சளியோட கெடந்தான். இப்ப எங்க இருக்கான், இருக்கானா இல்லையான்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

இந்த முறை ஒரு வாயும் திறக்கவில்லை.

"நண்பர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறாள்," என்றார் தியோடர். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சோனியாவுக்கு இல்லத்தில் கற்ற ஆங்கிலம் இருந்தது. பெரியதாக இல்லை; இதற்குப் போதும். முன்வரிசையை நேராகப் பார்த்து, "நோ, அங்கிள் இஸ் டெல்லிங் ராங்," என்று ஆரம்பித்தாள். பியூலா வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவருக்குக் கீழே வேலை செய்தாள்: கீபோர்டுப் பையனை நோக்கிக் கையை வீசினாள். அவன் நன்றிப் பாட்டை முழு சத்தத்தில் எடுத்தான். சபை எழுந்து நின்று, இவ்வளவு உற்சாகமாக அது பாடியதே இல்லை என்கிற மாதிரிப் பாடியது. வெளிநாட்டு அம்மா கண்ணைத் துடைத்தபடி மேடையேறி வந்து சோனியாவை இறுக அணைத்துக்கொண்டாள். அவள் தோளில் ஏலக்காய் மணந்தது. பாவம், கேட்டதை நம்பினாள். அவள்மேல் சோனியாவுக்குக் கோபமில்லை. கேட்டதைக் கேட்டபடி புரிந்துகொண்ட அத்தனை பேரும் தமிழில் கை தட்டிக்கொண்டிருந்தார்களே, கோபமெல்லாம் அவர்கள்மேல்தான்.

இறங்கும்போது யாரோ ஒரு அம்மா தோளைத் தட்டினாள். "நல்லாப் பேசினேம்மா. கொஞ்சம் நீட்டிட்டே."

அலுவலக அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தியோடர் ரிசீவரைக் காதில் வைத்து நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

சோனியா பையை எடுத்தாள். தாரணியிடம் போனாள். "தட்டைக் கீழ வைடி. என்கூட வா."

"எங்கேக்கா?"

"அத்திபெலே. வேலை இருக்கு."

"எனக்குமா? ராத்திரி படுக்க இடம் இருக்குமா?"

படுக்கை ஒன்றுதான். அந்த ஒன்றையும் இந்த நிமிஷம் அந்த அறைக்குள் ஒருவர் காலி செய்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஜெயலக்ஷ்மி ஆன்ட்டி வீடுன்னு சொல்லிட்டாங்கக்கா," என்று தாரணி மெல்லச் சொன்னாள். பயந்த பெண், ஆனால் முட்டாள் இல்லை. இருக்கிற கூரையை விட்டு, இருக்குமோ இருக்காதோ என்கிற கூரைக்கு யார் வருவார்கள்?

சோனியா தனியாகப் போனாள்.

*

பஸ் மாறி பஸ் மாறி அத்திபெலேயில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஹாஸ்டல் வாசலில் நாற்காலி போட்டு முத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அகலமான பெண்பிள்ளை, நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சோனியாவா? உங்க சேர்மன் ரெண்டு தடவை போன் பண்ணாரு. முதல் தடவை தங்கம்னாரு. அரைமணி கழிச்சு ரெண்டாவது தடவை, நீ வெள்ளி ஸ்பூன் திருடிட்டுப் போறியாம், ஜாக்கிரதைன்னாரு."

சோனியா பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். பாவாடை, விரிப்பு, வேதாகமம், சீப்பு. "தேடிக்கோங்க."

முத்தம்மா சீப்பைக் காலால் ஒதுக்கினாள். "எடுத்து வை. அந்த வீட்ல உனக்கு என்ன சம்பளம் குடுத்தாங்க?"

"சம்பளமா? நான் வேலைக்காரி இல்ல. விருந்தாளி."

முத்தம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கீரைத் தட்டு மடியிலிருந்து சரிந்தது. "ஏய், நான் கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி டவுன்ல வீட்டு வேலை செஞ்சவ. வேலைக்காரி நின்னா மறுநாளே அந்த வீட்ல ஒரு ஸ்பூனோ ஜிமிக்கியோ காணாமப் போயிரும். விருந்தாளி போனா யாராவது ஸ்பூன் எண்ணுவாங்களா? அவரு ரெண்டாவது போன் போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ நல்லா வேலை செய்வேன்னு. உள்ள போ. மூணாவது கட்டில்."

சோனியா சிரிக்கவில்லை. போகவுமில்லை.

"என்ன?"

"இன்னொரு பொண்ணு இருக்கா. என்கூடவே ஒரே கட்டில்ல படுத்துக்குவா."

"கட்டிலுக்கு ஒரு ஆள். அடுத்தது காலியாகட்டும், பாக்கலாம். அப்ப நீயே வந்து சொல்லு, பெரிய மனுஷன் எவனும் வேணாம்."

"எப்பக் காலியாகும்?"

"அது எனக்கென்ன தெரியும்? எவளாவது கல்யாணம் பண்ணிக்கணும்."

சோனியா கொட்டியதைப் பைக்குள் அள்ளிப் போட்டாள். "போன் எங்க இருக்குக்கா?"

"ஆபீஸ்ல. ஏன்?"

அவள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தாள். ஜெயலக்ஷ்மி வீட்டு நம்பர் அவளுக்கு மனப்பாடம். இருபது வீட்டு நம்பரும் மனப்பாடம். மணி அடித்தது. பின்னணியில் கிரைண்டர் சத்தத்தோடு ஜெயலக்ஷ்மியின் குரல் வந்தது.

"தாரணியைக் கூப்பிடுங்க."

"யாரது? அவ கை ஈரமா இருக்கு, வேலையா இருக்கா."

"உங்க வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளியைக் கூப்பிடுங்க ஆன்ட்டி. இல்லேன்னா சபையில இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, மைக்ல சொல்லாம விட்டதையும் சேர்த்துச் சொல்லுவேன்."

ரிசீவர் மேஜையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்கிக்கொண்டு தாரணி வந்தாள். "அக்கா?"

"இங்க வேலை நெசம்தான். அடுத்த கட்டில் காலியானா உனக்குத்தான், நானே வந்து கூட்டிட்டு வருவேன். அதுவரைக்கும் நான் சொல்றதக் கேளு. கிரைண்டரை நிறுத்து. கையக் கழுவு. ஹால்ல போய் ஸோபால உக்காரு."

"ஐயோ, திட்டுவாங்கக்கா!"

"திட்டட்டும். பலகைல என்ன எழுதியிருக்குன்னு கேளு. நான் லைன்லயே இருக்கேன். போ."

கிரைண்டர் நின்றது. குழாய் ஓடியது. பிறகு காலடிச் சத்தம். பிறகு, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக் உறையின்மேல் ஒரு பெண் பயந்து பயந்து உட்கார்கிற கீச்சென்ற சத்தம்.

முத்தம்மா வாசற்படியில் நின்றாள். "ஏய், மீட்டர் ஓடுது. பில்லை எவ கட்டுவா?"

"முதல் சம்பளத்துல புடிச்சுக்கோங்க," என்றாள் சோனியா. ரிசீவரை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டாள். அங்கே ஜெயலக்ஷ்மி, "என்னடி இது, உக்காந்துட்டே?" என்று ஆரம்பித்திருந்தாள்.